மரைக்காலைத் தூக்கி வையுங்கள்

வன்னியின் பங்குகளில் அருட்பணிச் சபைகளை நடத்துவோருக்கும், மற்றத் திருச்சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

கத்தோலிக்கருக்கு இயேசுவுக்கே புகழ், மற்றச் சபையாருக்கு ஸ்தோத்திரம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதவேண்டும் என்பதாலேயே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஊரொன்றில் இருக்கிறேன். ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. தறப்பாளுக்குக் கீழேயும் படிப்பித்திருக்கிறேன், செட்டிகுளம் அகதி முகாமிலும் படிப்பித்திருக்கிறேன். இப்போது கார்த்திகை. உங்கள் எல்லாரிடமும் நத்தார்க் கூட்டங்கள் நடந்துகொண்டிருக்கும். லைற் எவ்வளவு தூரத்துக்குப் போடுவது, வளைவு எங்கே கட்டுவது, காலையில் எத்தனை மணிக்குப் பாட்டுப் போடுவது, கரோல் எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று கதைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கூட்டங்கள் முடிவதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

போன மாதம் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் படிப்பித்தேன். நீங்கள் உலகுக்கு ஒளி, விளக்கைக் கொளுத்தி யாரும் மரக்காலால் மூடி வைப்பதில்லை என்று ஆண்டவர் சொல்கிற இடம். பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "ரீச்சர், மரக்கால் எண்டால் என்ன? மரத்தில செய்த காலோ?" வகுப்பே சிரித்தது. சிரித்த பிள்ளைகளுக்கும் தெரியாது. எல்லாரும் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் நெல் இப்போது மூட்டையாகக் கட்டித் தராசில் கிலோக் கணக்கில் போகிறது. மரைக்காலை அவர்கள் எங்கே கண்டார்கள்? (நெல் அளக்கும் பாத்திரம் அது. வேதத்தில் மரக்கால், எங்கள் வாயில் மரைக்கால்.)

அடுத்த ஞாயிறு ஒன்று கொண்டுபோனேன். பக்கத்து வீட்டு ஆச்சியுடையது. பித்தளை, ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். 2008இல் ஊரை விட்டு வெளிக்கிடும்போது மாட்டுக்கொட்டிலுக்குள் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்தாராம். ஆச்சி சைவம். வைரவருக்கு விளக்கு வைக்காமல் வாயில் தண்ணீர் படவிடமாட்டார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "நெல் அளக்கிற சாமானால விளக்கை மூடுறதோ? பாவமெல்லோ பிள்ளை" என்றார். ஆனாலும் தந்தார்.

மேசையில் மெழுகுதிரியைக் கொளுத்தி மரைக்காலைக் கவிழ்த்து, பிள்ளைகளை நூறு வரைக்கும் எண்ணச் சொன்னேன். சத்தமாக எண்ணினார்கள். தூக்கியபோது திரி நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அதுவும் போய்விட்டது. புகை மணம் எழும்பியது. மூடினால் வெளிச்சம் வெளியே தெரியாது என்று காட்டத்தான் நான் இதைச் செய்தேன். கேள்வி கேட்ட அதே பிள்ளை சொன்னாள்: "ரீச்சர், விளக்கு ஒளிச்சிருக்கேல்ல. நூந்தெல்லோ போச்சு."

அந்தச் சொல் அன்று முதல் என்னை விடவில்லை. இத்தனை வருடமும் அந்த வசனத்தைப் பிழையாகப் படிப்பித்துவிட்டேனே என்று யோசிக்கிறேன். விசுவாசத்தை நான் வெளியே காட்டாவிட்டால் பிறருக்குத்தான் நட்டம், எனக்குள் அது பத்திரமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். காற்றில்லாமல் மூடினால் விளக்கு நூந்து போகும் என்று எனக்குச் சொல்லித்தர ஒரு சின்னப் பிள்ளை தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் வன்னிக்கு மண்ணெண்ணெய் வராத காலத்தில் வளர்ந்தவள் நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் நாலைந்து கரண்டி எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்கட்டைக்குள் திரியைக் கோர்த்து நிறுத்தி எரித்தோம். போத்தல் காற்றை மறைக்கும், மேல்வாய் மட்டும் திறந்திருக்கும். தெரியாத்தனமாக மூடியைப் போட்டால் அவ்வளவுதான். நெருப்புப்பெட்டியும் தட்டுப்பாடு. பொழுதுபட ஒரு வீட்டில் கொளுத்தினால் மற்ற வீட்டுக்காரர் விளக்கோடு வந்து அதில் பற்றவைத்துக்கொண்டு போவார்கள். யார் வேதக்காரர், யார் சைவக்காரர் என்று பார்த்து யாரும் நெருப்புக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2009இல் போரின் கடைசிவரைக்கும் சுவாமிமாரும் கன்னியாஸ்திரிகளும் சனத்தோடு இருந்தார்கள். போகலாம் என்று வழி கிடைத்தபோதும் போகாதவர்கள் இருந்தார்கள். அருட்தந்தை சரத்ஜீவன் மே மாதம் சனத்தோடு வெளியே வரும்போதே உயிர்விட்டார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு தானும் போனார். அவர் பேருந்தில் ஏறியதைக் கண்ட சாட்சிகள் இருக்கிறார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அந்த நாட்களில் எங்கள் சபையின் வெளிச்சத்தை யாருக்கும் விளம்பரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பதுங்குகுழிக்குள் பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரிந்தது. எந்தச் சமயத்தவர் என்று கேட்காமல் காயத்துக்குத் துணி கட்டினார்கள், செத்தவர்களைத் தாட்டார்கள், பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். ஆச்சி இன்றைக்கும் எந்தச் சுவாமியைக் கண்டாலும் எழும்பி நிற்பது அதற்காகத்தான்.

2018 டிசம்பர் 21 இரவும் உங்களுக்கு நினைவிருக்கும். இரணைமடு வான்கதவுகள் திறந்து, விடியும் முன்னம் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் கோயில் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. அப்போதிருந்த மூப்பர், இப்போது காலமாகிவிட்டார், யாரையும் கேட்கவில்லை, கூட்டம் போடவில்லை. இருட்டில் நனைந்துகொண்டு வந்து கோயிலையும் மண்டபத்தையும் திறந்துவிட்டார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சைவக்காரர். பாலன் குடிலுக்குச் சோடிக்க வாங்கி வைத்திருந்த நீலத்துணியும் வெள்ளைத்துணியும் நனைந்த பிள்ளைகளைச் சுற்றப் போய்விட்டது. குடிலுக்கென்று வைத்திருந்த வைக்கோலைச் சீமெந்து நிலத்தில் பரப்பி அதன்மேல் பாய் விரித்தோம். அது திருவெம்பாவைக் காலம். விடியற்காலை நாலு மணிக்கு ஆச்சி வழக்கம்போல எழும்பிவிட்டார். பாடவேண்டும், ஆனால் மற்றவர்களின் கோயிலுக்குள் படுத்திருக்கிறோமே என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். மூப்பர் கண்டுவிட்டு ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அவருக்கு முன்னால் வைத்தார். "பாடணை ஆச்சி, பிள்ளையள் எழும்பினால் எழும்பட்டும்" என்றார். திருவெம்பாவையின் முதல் அடியே சோதியைப் பற்றியது. ஆச்சி பாடினார். கால்மாட்டில் ஈரத் துணிகள் தொங்கின, மேலே கர்த்தர் சிலுவையில் இருந்தார். என் வாழ்க்கையில் நான் கண்ட நத்தார் அதுதான்.

அந்த வருடம் வளைவும் இல்லை, லைற்றும் இல்லை. தை கழிந்து அரிவு வெட்டியதும் ஆச்சி புதுநெல்லை இந்த மரைக்காலால் அளந்து கோயிலுக்குக் கொண்டுவந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

இனிச் சொல்வது கொஞ்சம் கடினம். ஆனால் சொல்லாவிட்டால் இந்த மடலை எழுதிப் பயனில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மதில் கட்டினோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் நல்ல மனதோடு அனுப்பிய காசு அது. ஆளுயர மதிலும், இரும்புக் கேற்றும், பூட்டும் வந்தன. மண்டபத்துக்கு வாடகை வைத்தோம். பூட்டுகளின் திறப்பு ஒருவரின் வீட்டில் இருக்கிறது, அவர் கடைக்குப் போய்விட்டால் பூசை நேரம் தவிர யாரும் உள்ளே போகமுடியாது. ஆடு மாடு வருகிறது, போத்தல் குடிகாரர் வருகிறார்கள் என்று காரணம் சொன்னோம். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் மழைக்கு ஓடி வந்த சனத்துக்கு இப்போது கேற்றில்தான் தலை முட்டும். கரோலும் எங்கள் பங்குப் பதிவில் உள்ள வீடுகளுக்கு மட்டும்தான். அந்த ஒழுங்கை வழியாகப் போகும்போது ஆச்சியின் படலையைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறோம். அவர் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன வருடம் நானும் அந்தக் குழுவில் தாண்டிப் போனேன்.

மீள்குடியேறிய புதிதில் இன்னொன்று நடந்தது. ஒரு குழுவினர் எங்கள் ஒழுங்கைக்குத் தகரம் கொண்டுவந்தார்கள். செபத்துக்கு வரும் வீடுகளுக்கு முதலில் என்று சொன்னார்கள். ஆச்சியின் வீட்டுக்குக் கூரை இல்லை, தறப்பாள்தான். கிழிந்த தறப்பாளுக்குள் இருந்துகொண்டே, "தகரத்துக்காகச் சாமியை மாத்தமாட்டன் பிள்ளை" என்று அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் கேட்டார், "உங்கட ஆக்களோ?" என்று. இல்லை, அவை வேறை ஆக்கள் என்று உடனே சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். இயேசுவின் பேரைச் சொல்லித்தானே வந்தார்கள்? ஆச்சிக்கு எந்தச் சபை, எந்தப் பிரிவு என்ற கணக்கெல்லாம் தெரியாது. அவருக்கு வேதக்காரர் வேதக்காரர்தான். நாங்கள் ஒருவரையொருவர் கைகாட்டித் தப்பிக்கலாம், ஆண்டவரின் பேர் தப்பாது.

அதனால் போதகர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். பசித்தவருக்குக் கொடுக்கும் அரிசிக்குள் கொக்கி வைக்காதீர்கள். அப்படிச் செய்யாத போதகர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குடியில் அழிந்துகொண்டிருந்த எத்தனையோ தகப்பன்மாரை அவர்களில் சிலர் பக்கத்தில் இருந்து, மாதக்கணக்காகப் பொறுத்து மீட்டிருக்கிறார்கள். அந்த வேலையில் எங்கள் பங்குகள் அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது. கத்தோலிக்கரான நாங்கள் அவர்களை அல்லேலூயாக்காரர் என்று இளக்காரமாகப் பேசுவதையும் விடவேண்டும். இளக்காரமும் ஒரு மரைக்கால்தான்.

எங்கள் அயலவருக்கு விளக்கைப் பற்றி நாங்கள் பாடம் எடுக்கவும் தேவையில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். என் அம்மா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர், கத்தோலிக்கர். தீர்த்தம் எடுத்துக்கொண்டு போகும்போது அவர்கள் வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து மரியாதையாக ஒதுங்கி நிற்பார்களாம். மடு மாதா கோயிலுக்கும் அப்படித்தானே? ஒல்லாந்தரின் கொடுமைக்குப் பயந்து 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. இன்று அந்தக் காட்டுக்கு ஆவணித் திருநாளில் தமிழரும் சிங்களவரும், வேதக்காரரும் சைவக்காரரும் வருகிறார்கள். யாரும் அவர்களை வாசலில் நிறுத்தி எந்தச் சமயம் என்று கேட்பதில்லை.

இப்படி எழுதுவதால் எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கவேண்டாம். இயேசுவே உலகின் ஒளி என்று நம்புகிறேன். ஷெல்லடிக்கும்போதும் நம்பினேன், முகாமில் வரிசையில் நிற்கும்போதும் நம்பினேன். அதில் எனக்குத் தளம்பல் இல்லை. என் அயலவரும் அவரை அறியவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் அவர் என்னிடம் கேட்டது என் நற்செயலைப் பிறர் பார்க்கும்படி வாழச் சொல்லித்தான். பார்த்தவர்கள் புகழவேண்டியது என்னையோ என் சபையையோ இல்லை, பரலோகத்தில் இருக்கிற தந்தையை என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. லைற் வளைவைப் பார்ப்பவர் யாரைப் புகழுவார்? அதைக் கட்டித் தந்தவரின் பேர் அடியில் எழுதியிருக்கிறது.

புனித யோசேப்பு வாஸ் அடிகளை எல்லாப் பங்கிலும் படமாக மாட்டி வைத்திருக்கிறோம். 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். ஒல்லாந்தர் சுவாமிமாரை நாட்டுக்குள் விடாத காலம். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சைக்காரர்போலப் போய் விசுவாசிகளைத் தேடினார். பிறகு கண்டிக்குப் போனார், உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை வந்தது. ஓடக்கூடியவர்கள் ஓடிவிட்டார்கள். அவரும் அவருடைய மருமகனான குருவும் ஓடவில்லை. தெருவிலும் காட்டிலும் விடப்பட்ட நோயாளிகளுக்குக் குடில் போட்டு, புண்ணைக் கழுவி, சாப்பாடு கொடுத்து, செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். அந்த நோயாளிகள் பௌத்தரா கத்தோலிக்கரா என்று அவர் பார்க்கவில்லை. பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைத் தடையில்லாமல் நடமாட விட்டதற்குக் காரணம் அவருடைய பிரசங்கம் என்று நான் நினைக்கவில்லை. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டு, அன்றைக்கே மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அங்கே கூடி நின்றதை நானும் கூட்டத்துக்குள் நின்று பார்த்தேன்.

அந்தத் தாய்மாரிடம்தான் வருகிறேன். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். சில சுவாமிமாரும் கன்னியாஸ்திரிகளும் அவர்களோடு போய் இருந்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. பங்குச் சனமான நாங்கள்? அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறோம். பயம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் சுவாமி ஒருவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அந்தத் தாய்மாரின் துக்கம் எங்கள் வீட்டுத் துக்கம்.

சரி, நான் கேட்பது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மார்கழியில் வளைவுக்கு ஒதுக்கிய காசில் பாதியை எடுங்கள். உங்கள் ஒழுங்கையில் நுண்கடன் கட்டமுடியாமல் கிழமைக்குக் கிழமை ஒளித்துத் திரிகிற பெண் யாரென்று மரியாயின் சேனையில் உள்ள அக்காமாருக்குத் தெரியும், அவர்களைக் கேளுங்கள். அந்தப் பெண் ஞாயிறு எங்கே போகிறாள் என்று மட்டும் கேட்காதீர்கள். கொடுத்ததைப் படம் எடுக்கவும் வேண்டாம். விடிய நாலரைக்கு ஸ்பீக்கர் போடுவதை விடுங்கள், பக்கத்தில் சோதினைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, இரவு முழுக்க இருமிய கிழவர் அப்போதுதான் கண் அயருகிறார். கரோல் போகும்போது ஒழுங்கையில் ஒரு படலையையும் தாண்டிப் போகவேண்டாம். கூப்பிட்டுக் கேளுங்கள், வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆச்சி வேண்டாம் என்று சொல்லமாட்டார். தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார், எனக்குத் தெரியும்.

போன கிழமை மரைக்காலைத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே பிடித்திருந்த கரியைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டுதான் போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளையளுக்கு விளங்கினதோ?" என்று கேட்டார். எனக்குத்தான் விளங்கியது என்றேன். பிறகு அவர் மழையைப் பற்றிக் கேட்டார். குளம் நிரம்பி வருகிறதாம், இந்த முறையும் வான்கதவு திறந்தால் எங்கே போவது என்று மகளோடு யோசித்துக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடம் தூரம், இருட்டில் அவரால் நடக்கமுடியாது. கோயிலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. திறப்பு என்னிடம் இல்லை.

எங்கள் பங்கின் அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு. சோடனைக் கணக்கை எடுப்பதற்கு முன் மண்டபத்துத் திறப்பைப் பற்றிக் கதையுங்கள். ஒன்று போதாது, மூன்று நான்காக வெட்டுங்கள். ஒன்றை ஆச்சியின் வீட்டில் கொடுங்கள். எந்த இரவிலும் யாரிடம் திறப்பு இருக்கும் என்பதை மதிலின் வெளிப்பக்கத்தில், ஒழுங்கையால் போகிறவர்களுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். மழை தொடங்கிவிட்டது.

அன்புடன்,
ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியை ஒருத்தி
கிளிநொச்சி